ராகு காலத்தில் வராத புள்ளிகள்

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைக் கண்டாலே சந்திரிகாவுக்கு ஆகாது. ஆனால் பாருங்கள், அப்படி ஒரு முடிச்சு உலகத்தில் வேறு யார் கம்ப்யூட்டரிலும் விழாமல், நேராக அவள் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது. இரண்டாயிரத்து ஒன்பது, ஆடி மாதம். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற தெருவில் ஒரு கட்டடம், அதன் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே உட்கார்ந்து, இன்டர்நெட் எப்போதெல்லாம் அறுந்து போகிறது என்று அளந்து சொல்வது அவள் உத்தியோகம்.

இதையெல்லாமா அளப்பார்கள் என்று கேட்காதீர்கள். அளக்கத்தான் வேண்டியிருந்தது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. பழைய முறை விலாசங்கள் தீர்ந்துகொண்டே வந்ததால் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழையதும் இருக்கட்டும், புதியதும் இருக்கட்டும், மெல்ல மாறிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வம்பு எங்கே வந்தது என்றால், சில கம்ப்யூட்டர்கள் புதிய வழி திறந்திருக்கிறது என்று நம்பிப் போய், மூடின கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சரி கிடக்கிறது கழுதை என்று பழைய வழிக்குத் திரும்பும். அதற்குள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார். ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் இப்படி முட்டினால் நாங்கள் மாறவே மாட்டோம் என்று பெரிய கம்பெனிகள் பயந்துகொண்டிருந்த காலம் அது.

ஐரோப்பாவிலிருந்து ஹெல்கா என்ற அம்மாள் இந்தக் கணக்கை ஊர் ஊராக எடுத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டுப் பங்கு சந்திரிகாவின் கம்பெனிக்கு வந்தது. அவர்கள் நடத்திய 'தினக்கிழி' என்ற தளம் நாள்காட்டித் தாளை அப்படியே திரையில் காட்டும். நாள், நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், ராசிபலன் எல்லாம் உண்டு. அந்தத் தாளின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புள்ளிகளைச் சந்திரிகா வைத்தாள். ஒன்று பழைய விலாசத்திலிருந்து வரும், மற்றது புதிய விலாசத்திலிருந்து வரும். தாளைத் திறக்கிற கம்ப்யூட்டருக்கு இரண்டு புள்ளியும் போய்ச் சேர்ந்தால் சுகம். இரண்டாவது சேராவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் எங்கோ முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு வாரம் போனதும் முட்டல்களை நேரவாரியாகப் படம் போட்டாள். நாள் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்த கோடு அநேகமாகத் தினமும் ஒரே ஒரு தடவை மலை மாதிரி எழும்பி இறங்கியது. அதுவும் தினம் ஒரே நேரத்தில் இல்லை. செவ்வாய் பிற்பகலில், புதன் உச்சியில், வெள்ளி காலையில் என்று இடம் மாறி மாறி எழும்பியது. அவள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது மேனேஜர் தனக்கோடி காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். ஒரு பார்வைதான் பார்த்தார். டம்ளர் தளும்பியது.

"சந்திரிகா, இது ராகு காலம்மா!"

"சார், காலங்காத்தால விளையாடாதீங்க."

"விளையாட்டா? திங்கள் ஏழரை, செவ்வாய் மூணு, புதன் பன்னெண்டு, வெள்ளி பத்தரை... நிமிஷம் பிசகல பாரு. நம்ம சைட்லயே போட்டிருக்கு, எடுத்துப் பார்த்துக்கோ."

எடுத்துப் பார்த்தாள். பிசகவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து தயாளன் எட்டிப் பார்த்து ஒரு விசில் அடித்தான். அவனை இன்னும் ஒரு மாதத்தில் அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதால் முறைப்போடு விட்டாள். மத்தியானத்துக்குள் சர்வர் அறைக் கதவில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. சாயந்தரம் தனக்கோடி தன் கையாலேயே ஹெல்காவுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் தட்டினார். கோளாறுக்கு மூல காரணம் ராகு, கண்டுபிடித்தவர் சந்திரிகா என்று அதில் இருந்தது.

மறுநாள் பதில் வந்துவிட்டது. ராகு என்பது கருவியா, மென்பொருளா? தயாரித்த கம்பெனி எது? புதிய பதிப்பு ஏதும் வந்திருக்கிறதா? ராகுவை ஒருநாள் மட்டும் நிறுத்திவைத்து அளந்து பார்க்க முடியுமா? ஹெல்கா அம்மாள் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டிருந்தார். தனக்கோடியும் உண்மையாகவே யோசித்து, "நிறுத்த முடியாது, பரிகாரம் செய்யலாம்" என்று எழுதிப்போட்டார்.

ஆபீஸ் கூத்தோடு போயிருந்தால் சந்திரிகாவும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவள் கல்யாணமே ராகு காலத்தை நம்பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அப்பா தசரதன் பம்மலில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பகுத்தறிவுக்காரர். பட்டறை திறந்தது ராகு காலம். சந்திரிகாவைப் பள்ளியில் சேர்த்தது ராகு காலம். முடி வெட்டிக்கொள்வதற்குக்கூட ராகு காலம் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். "ராகு காலம் பார்க்காத வூடுதான் இது. ஆனா இந்த வூட்ல பார்க்கற மாதிரி ஊர்ல எவனும் பார்க்க மாட்டான்" என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவுக்குப் பேச்சு மட்டும் வராது. கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தால், "தோழர்களே, ராகு காலம் பொய். நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

தயாளனின் அம்மா ஜெயக்கொடிக்கு ஊர் கூடுவாஞ்சேரி. நெல் விளைந்த நிலமெல்லாம் மனைக்கல் நட்ட இடமாகிவிட்டது, ஆனாலும் அந்த அம்மாள் பொழுது விடிந்தால் வாசலில் நின்று வானத்தைத்தான் பார்ப்பார். பிள்ளை காதலிக்கிறான் என்றதும் மறுக்கவில்லை. ஜாதகம் வேண்டாமா, சரி. ஐயர் வேண்டாமா, சரி. தாலிக்குப் பதில் மாலை மாற்றிக் கையெழுத்துப் போடுவார்களா, அதுவும் சரி. ஆடியில் மட்டும் வேண்டாம் என்றார். தசரதனும் பெரிய மனசு பண்ணி ஆடியை விட்டுக்கொடுத்து ஆவணிக்கு இறங்கினார். "ஆனா வெள்ளிக்கெழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டுக்குள்ள. அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றார். ஜெயக்கொடி ரொம்ப நாள் யோசித்துத் தலையாட்டினார். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் தயாளன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் ஆபீஸ் வேடிக்கையைச் சொல்லித் தொலைத்தான். விடிந்ததும் சந்திரிகாவுக்கு போன் வந்தது.

"இன்னாமா, ராகு காலத்துல கம்ப்யூட்டரே படுத்துக்குதாமே? நீயேதான் கண்டுபுடிச்சியாமே?"

"அத்தை, அது வந்து..."

"உயிர் இல்லாத மிஷினுக்கே ஆகல. என் புள்ளைக்கு ஆவுமா? உங்கப்பாகிட்ட சொல்லு, நேரத்தை மாத்தணும். இல்லாட்டி இந்தக் கல்யாணம் வாணாம்."

அப்பாவிடம் சொன்னாள். அவர் லேத்தை நிறுத்தவில்லை. "மாத்தினா கல்யாணம் இல்ல" என்றார். நாலு வார்த்தைகூட இல்லை. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. உடைத்தது யார்? அவள் வைத்த புள்ளி! சந்திரிகா அன்றைக்கு ஆபீஸ் பஸ்ஸில் மேடவாக்கம் வரைக்கும் அழுதுகொண்டே போனாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். இந்த ராகுவைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தது அவளுக்கு.

முதலில் கண்ணில் பட்டது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ராகு காலம் சாயந்தரம். ஆனால் எந்த ஞாயிறிலும் கோடு எழும்பவே இல்லை.

"சார், ராகுவுக்கு ஞாயிறு லீவுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

தனக்கோடி கொஞ்சம் தடுமாறி, "அவருக்கும் ஓய்வு வேணாமா?" என்றார்.

ஓய்வு வேண்டும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பது கடையும் ஆபீஸும்தானே, கிரகமா? சந்திரிகாவுக்குத் தெம்பு வந்தது. திறக்கிறவர் யார் என்று காட்டுகிற விவரங்களை ஹெல்கா சட்டப்படி மறைத்துவிட்டார். எந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்பதை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கினாள். எல்லாம் தாம்பரம். இன்னொன்றும் கிடைத்தது. தினக்கிழி, திறக்கிற கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து அந்தத் தேதியின் தாளைக் காட்டும். முட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்கள் அத்தனையும் கேட்ட தாள் ஒரே தாள்: இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி முதல் தேதி.

"காலமே நின்னுடுது பார்த்தியா!" என்று தனக்கோடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காலம் எங்கே நின்றது? கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்துக்கென்று காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும், தான் பிறந்த தேதிதான் இன்றைய தேதி என்று நினைத்துக்கொள்ளும். அப்படி பேட்டரி செத்த கம்ப்யூட்டர்கள் கும்பலாக ஒரே இடத்தில் இருக்கின்றன, அந்த இடம் தாம்பரத்தில் இருக்கிறது, அதற்கு ஞாயிறு விடுமுறை. அப்படியென்றால் அது செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடையைத் தவிர வேறென்ன? வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்குத் தொடங்கும். தயாளனைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவதாகப் போன கடை அது. ஹனீஃபா என்று தன் பெயரையே போர்டில் எழுதி வைத்திருந்தவர், நீளமான மேசையில் ஒரு மந்தைக் கம்ப்யூட்டர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"வாங்க வாங்க. இந்த நேரத்துல கஸ்டமரா? மேடம், நீங்க கிறிஸ்டியனா?"

"இல்ல பாய்."

"நம்ம ஆளுங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்ப உங்க வாட்ச் ஓடலன்னு நெனைக்கிறேன். இது ராகு காலம்மா!"

சந்திரிகா தயாளனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை திரைகளிலும் தினக்கிழியின் ஜனவரித் தாள், பாதி வந்தும் பாதி வராமலும் நின்றது.

"ராகு காலத்துக்கும் உங்க கடைக்கும் என்ன பாய் சம்பந்தம்?"

"இன்னா இப்படிக் கேட்டுட்டீங்க! என் கஸ்டமர் எல்லாம் உங்க ஆளுங்கதான். ராகு காலத்துல எவனாச்சும் கம்ப்யூட்டர் வாங்க வருவானா? ஈ காக்கா வராது. மத்த நேரம் எனக்கு மூச்சு வுட முடியாது. அதனால டெஸ்டிங் எல்லாம் ராகு காலத்துலதான். திங்கக்கெழம ஏழரைக்கே வந்து ஷட்டரைத் தூக்கிடுவேன். தாம்பரத்துல எந்த ஐயருக்கும் தெரியாத அளவுக்கு எனக்கு ராகு காலம் மனப்பாடம்" என்றார் ஹனீஃபா பெருமையாக.

"டெஸ்டிங்குக்கு எதுக்கு இந்தக் காலண்டர்?"

"வாங்கறவன் மொதல்ல கேக்கறதே, 'பாய், இதுல தமிழ் வருமா'ன்னுதான். இதைத் தொறந்து காட்டினா தமிழ் வருதா இல்லையான்னு தெரிஞ்சிடும். இன்னா, கொஞ்சம் லேட்டாத்தான் வரும். பழைய மிஷின், வயசாயிடுச்சு, யோசிச்சுத்தான் வரும்னு சொல்லி சமாளிச்சிக்கினு கீறேன்."

மேசையின் கோடியில் ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்குகளோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. எல்லா ஒயரும் அதில்தான் போய்ச் சேர்ந்தன. பல்லாவரம் காயலான் கடையில் கிடைத்தது, ஃபாரின் மால், டெஸ்டிங் முடிந்ததும் ஆஃப் பண்ணித் துணி போட்டு மூடிவைப்பேன் என்றார் ஹனீஃபா. சந்திரிகா தன் லேப்டாப்பை அதில் செருகிப் பார்த்தாள். பெட்டி அவள் லேப்டாப்பிடமும் அதையே சொன்னது. புதிய வழி என்னிடம் இருக்கிறது, வா வா என்று கூப்பிட்டது. அதனிடம் ஒரு வழியும் இல்லை. எந்த நாட்டிலோ எந்த ஆபீஸிலோ ஒரு காலத்தில் இருந்திருக்கும். அந்த நினைப்பிலேயே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது, பாவம். பக்கத்தில் கிடந்த வேறொரு சாதாரணப் பெட்டிக்கு ஒயர்களை மாற்றினாள். அத்தனை திரையிலும் ஜனவரித் தாள் சட்டென்று வந்து நின்றது.

"அட! அப்ப வயசு இல்லையா காரணம்?" என்றார் ஹனீஃபா.

சந்திரிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தப் பெட்டியால் தன் கல்யாணம் நிற்கிற கதையை நின்றபடியே சொல்லி முடித்தாள். ஹனீஃபா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கல்யாணம் எப்போது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ராகு காலமா! அப்ப எனக்கு ஃப்ரீதான். இனிமே டெஸ்டிங்கும் சட்டுனு முடிஞ்சிடும். ஜும்ஆவுக்குள்ள பள்ளிவாசலுக்குப் போயிடணும், அவ்ளோதான். பத்தரைக்கு டாண்ணு வந்து நிப்பேன், தங்கச்சி."

மறுநாள் வெள்ளி. பத்தரை வந்தது, பன்னிரண்டு வந்தது, கோடு தலையைத் தூக்கவே இல்லை. தனக்கோடிக்கு வீட்டில் எழவு விழுந்த மாதிரி முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் எலுமிச்சம்பழத்தை அவிழ்க்க விடவில்லை. ராகு தாம்பரத்தில் கழற்றப்பட்டது, இனி முட்டல் இல்லை என்று சந்திரிகா ஹெல்காவுக்கு எழுதினாள். மிக்க மகிழ்ச்சி, ராகுவைக் கழற்றியவருக்கு எங்கள் பாராட்டு என்று பதில் வந்தது.

அன்று சாயந்தரமே இருவரும் கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறினார்கள். ஜெயக்கொடி காபி கொடுத்து உட்கார வைத்தார். சந்திரிகா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாய் கடை, பேட்டரி, பெட்டி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் விளக்கினாள். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அத்தை இது, ராகுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று முடித்தாள். ஜெயக்கொடி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. கம்ப்யூட்டர் பாய் கடையில கெட்டுச்சு. ஒத்துக்கறேன். தயாளங்கப்பா எந்தக் கடையில கெட்டாரு?"

சந்திரிகா தயாளனைப் பார்த்தாள். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்திரம் பதியணும்னு செங்கல்பட்டுக்குக் கெளம்பினாரு. ராகு காலம் கழிச்சுப் போறேனேன்னுதான் சொன்னாரு. நான்தான், 'ராகுவாவது கேதுவாவது, ஆபீஸ்ல கூட்டம் வந்துரும், போய்ட்டு வா'ன்னு தள்ளி வுட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரிக்காரன்..." அதற்கு மேல் அந்த அம்மாள் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ராகு உண்மையா பொய்யான்னு எனக்குத் தெரியாதும்மா. இன்னொரு தபா என் வாயால சரின்னு சொல்ல முடியாது, அவ்ளோதான்."

இதற்குச் சந்திரிகா எந்தப் புள்ளியை வைத்து அளப்பாள்? கடைசியில் ஜெயக்கொடியே ஒரு வழி சொன்னார்.

"உங்கப்பா ஆசைப்படி நடத்திக்குங்க. நான் தடுக்கல. ஆனா பன்னெண்டு அடிச்ச பொறவுதான் மண்டபத்துப் படி ஏறுவேன். எங்க ஜனமும் அப்படித்தான்."

"அம்மா இல்லாம நான் மாலையைத் தொட மாட்டேன்" என்றான் தயாளன். அவன் இவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொல்லிச் சந்திரிகா கேட்டதே இல்லை. இந்தச் சமயம் பார்த்தா உறுதி வரவேண்டும்?

பட்டறைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். லாரிக் கதை வந்தபோது மட்டும் அவர் லேத்தை நிறுத்தினார். கழிவுத் துணியில் கையை வெகுநேரம் துடைத்தார்.

"பத்தரைக்கு ஆரம்பிப்போம்" என்றார்.

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு கீதாப்பா?" என்று கத்திவிட்டு அவள் வெளியே போனாள். லேத் மறுபடி ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

ஆவணி வெள்ளிக்கிழமை, பம்மலில் மண்டபம். பத்தரை மணிக்கு நாற்காலிகள் அத்தனையும் காலி. கூடுவாஞ்சேரி ஜனம் வந்த இரண்டு பஸ்ஸும் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றன. ஜன்னல் வழியாகத் தலைகள் தெரிந்தன, ஒருவரும் இறங்கவில்லை. முன் சீட்டில் ஜெயக்கொடி பட்டுப்புடவையோடு மணி பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களை விடுங்கள், அப்பாவின் தோழர்களே வரவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, வீட்டுக்காரிதான் விடமாட்டேன் என்கிறாள், பன்னிரண்டுக்கு வந்துவிடுகிறேன் என்று ஆளுக்கு ஒரு போன். பத்திரிகை வாங்கிய பெரும்புள்ளிகளில் ஒரு புள்ளிகூட வந்து சேரவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தவர் ஹனீஃபா மட்டும்தான். அத்தர் மணக்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மேடையில் சந்திரிகாவும் தயாளனும் நின்றார்கள். மாலைகள் தட்டில் இருந்தன. தயாளன் கையைக் கட்டிக்கொண்டான். அப்போது தசரதன் மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே! ராகு காலம் பொய்."

அடுத்து நன்றி வரும், மாலையை எடு என்பார், இவன் எடுக்க மாட்டான், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். நன்றி வரவில்லை.

"ஏன் பொய்? சொல்றேன்" என்றார் அப்பா.

சொல்ல ஆரம்பித்தார். ராகு என்பது நிழல் என்றார். நிழல் எப்படி விழுகிறது என்றார். சூரியனிலிருந்து இறங்கிப் பம்மலுக்கு வந்தார். பம்மல் தோல் ஷெட்டுகள், அந்தத் தண்ணீர், அந்த நாற்றம், அதில் வேலை செய்த தன் அப்பா என்று போனார். ஹனீஃபா கை தட்டினார். சமையல்காரப் பெண்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். அவர் பேச்சு மேடைத் தமிழிலிருந்து இறங்கி வீட்டுத் தமிழுக்கு வந்துவிட்டது. "லேத்துல மரை போடறது இன்னா சின்ன விஷயமா? நிதானம் வோணும். அவசரப்பட்டா பிசுறு தட்டிக்கும்" என்று மரை போடுவதை ஆதியோடந்தமாக விளக்கினார். வியர்வை கொட்டியது. சோடா குடித்தார். சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தார். சந்திரிகா அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

அதுவரை ஒன்றும் புரியாமல் நின்றவளுக்குத் திக்கென்றது. அப்பா பேசவில்லை. காத்துக்கொண்டிருக்கிறார்! வாழ்நாளில் எந்த நேரத்துக்காகவும் காத்திராத மனுஷன், ராகு காலம் பொய் என்று சொல்லிக்கொண்டே ராகு காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறார். அவளுக்குக் கரகரவென்று கண்ணீர் வழிந்தது. தயாளன் என்ன என்று கேட்டான். பேசாமல் நில் என்று கையைக் கிள்ளினாள்.

பதினொன்றேமுக்கால் வாக்கில் அப்பாவுக்கு விஷயம் தீர்ந்துவிட்டது. தொண்டையும் போய்விட்டது. இங்கும் அங்கும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மண்டபத்து விதிமுறைப் பலகை கண்ணில் பட்டது. அதைப் படிக்க ஆரம்பித்தார். "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எச்சில் இலைகளைத் தொட்டியில் மட்டுமே போடவும். ஜெனரேட்டருக்கு டீசல் தனி." ஒவ்வொரு விதிக்கும் ஹனீஃபா பயபக்தியோடு கை தட்டினார். எல்லா விதியும் படித்து முடித்து, உரிமையாளரின் போன் நம்பரையும் நிறுத்தி நிறுத்திப் படித்து, மறுபடி முதல் விதிக்கு வந்தபோது வாசலில் சலசலப்புக் கேட்டது. ஜெயக்கொடி படி ஏறி வந்துகொண்டிருந்தார். பின்னால் இரண்டு பஸ் ஜனம்.

"ஆகவே ராகு காலம் பொய். நன்றி. மாலையை எடுங்க" என்றார் அப்பா ஒரே மூச்சில். காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

மாலை மாற்றினார்கள். ஹனீஃபா முதல் ஆளாக மேடையேறி வாழ்த்திவிட்டு, ஒரு கை பிரியாணி அள்ளிப் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்கு ஓடினார். கூட்டம் பந்திக்குப் போனதும் ஜெயக்கொடி சம்பந்தியிடம் வந்து நின்றார்.

"இன்னா சம்மந்தி, பத்தரைக்கே ஆரம்பிச்சிட்டீங்களாமே?"

அப்பா தலையாட்டினார்.

"நீங்க நெனைச்சபடியே ராகு காலத்துலயே நடத்திட்டீங்க."

அதற்கும் தலையாட்டினார். ஜெயக்கொடி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் கேட்காமல் சமையல் கட்டுக்குள் போய், பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சித் தானே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"குடிங்க. தொண்டை கட்டிக்கிச்சு பாருங்க. எல்லாம் ராகு வேலை."

அப்பா ஒரு நிமிஷம் அந்த அம்மாளைப் பார்த்தார். மறுத்து ஒன்றும் சொல்லாமல் பாலைக் குடித்தார். அவருக்குக் குரல் போய்விட்டது, அதனால்தான் சொல்லவில்லை என்று சந்திரிகா இன்றுவரை எல்லாரிடமும் சாதிக்கிறாள்.